வலப்பக்கத்துக்கு முதல் மரியாதை

நமது தேசத்தில் மோட்டார் ஓட்டக் கற்றுக்கொண்டவன் பூலோகத்தின் எந்த மூலையிலும் மோட்டார் ஓட்டலாம் என்று ஒரு நம்பிக்கை நம்மவரிடையே உண்டு. சென்னைப் பாரிமுனையிலும் மதுரை மாசி வீதிகளிலும் பஸ், லாரி, சைக்கிள், ஆட்டோ ரிக்ஷா, பசுமாடு, கல்யாண ஊர்வலம் இத்தனைக்கும் நடுவே புகுந்து, யார் மேலும் உரசாமல் மறுபுறம் வெளிவந்தவனுக்கு, கோடு போட்டுப் பலகை நட்டு வைத்திருக்கும் ஐரோப்பியச் சாலை எம்மாத்திரம் என்பது அவர்கள் கட்சி. கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஜெர்மனி தேசத்துச் சர்க்கார் இந்தக் கட்சியை ஒப்புக்கொள்வதில்லை.

சுற்றிப் பார்க்கப் போகிறவர்களுக்கு அங்கே அதிகத் தொல்லை இல்லை. நமது லைசென்ஸோடு சர்வதேசப் பெர்மிட்டையோ, அங்கீகாரம் பெற்ற மொழிபெயர்ப்பையோ சேர்த்து வைத்துக்கொண்டால் வாடகைக் கார் எடுத்து ஓட்டலாம். உத்தியோகமாகக் குடியேறியவர்களுக்குத்தான் கெடு. குடியேறிய நாளிலிருந்து ஆறு மாதம் வரையில் இந்திய லைசென்ஸ் செல்லும். அதன் பிறகு அது வெறும் அட்டை. மறுபடி வண்டியைத் தொடவேண்டுமானால் கண் பரிசோதனை செய்துகொண்டு, முதலுதவிப் பயிற்சி பெற்று, எழுத்துப் பரீட்சை ஒன்றும் ஓட்டும் பரீட்சை ஒன்றும் தேறியாக வேண்டும். எழுத்துப் பரீட்சையை ஜெர்மன் பாஷை தெரியாதவர்கள் ஆங்கிலம், துருக்கி, அரபு, ருஷ்யன் முதலிய பல பாஷைகளில் எழுதலாம். தமிழிலும் கிடையாது, ஹிந்தியிலும் கிடையாது. ஆகையால் அந்தச் சண்டைக்கு மட்டும் அங்கே இடமில்லை.

ரைன் நதிக்குக் கிழக்கே, ஹைடல்பர்க் நகரத்துக்குச் சற்றுத் தெற்கே, வால்டார்ஃப் என்ற சிற்றூர் இருக்கிறது. எஸ்.ஏ.பி. என்னும் பிரசித்தமான மென்பொருள் கம்பெனியின் தலைமை ஸ்தலம் அது. அந்தச் சுற்றுவட்டாரத்தில் நம் நாட்டார் அநேகர் உத்தியோகம் பார்க்கிறார்கள். அவர்களில் ஒருவர் என் நண்பர். சென்னையில் பதினான்கு வருஷம் கார் ஓட்டியவர்; வண்டியில் ஒரு கீறல் விழுந்ததில்லை என்று சொல்லிக்கொள்வார். அப்பேர்ப்பட்டவரை "எல்" பலகை கட்டாத குறையாக மறுபடி வாத்தியாரிடம் அனுப்பினால் மனசு என்ன பாடுபடும்? அதைவிட அவரைச் சுட்டது வேறொரு சங்கதி. ஜப்பான்காரர், தென் கொரியர், ஆங்கிலேயர் ஆகியோர் தங்கள் ஊர் லைசென்ஸைக் கொடுத்துவிட்டுப் பரீட்சை இல்லாமலே ஜெர்மன் லைசென்ஸ் பெற்றுக்கொள்ளலாம். இந்தியனுக்கு அந்தச் சலுகை இல்லை.

"நமக்கு இடப்பக்கம் ஓட்டும் வழக்கத்தைக் கொடுத்துவிட்டுப் போனவன் ஆங்கிலேயன். குருவுக்குப் பரீட்சை இல்லையாம், சிஷ்யனுக்கு மாத்திரம் உண்டாம்! இது எந்த ஊர் நியாயம்?" என்று அவர் பொருமினார்.

அவர் பொருமியதில் சுயமரியாதையும் கலந்திருந்தது. ஆகையால் அதை அலட்சியமாகத் தள்ளிவிட முடியவில்லை. அவர்கள் நம்முடைய லைசென்ஸை நம்பவில்லை என்பதுதானே அதன் அர்த்தம்? நம்பாததற்கு முகாந்திரம் உண்டா இல்லையா என்பதைப் பிற்பாடு பார்ப்போம்.

ஓட்டும் பரீட்சையில் மாணாக்கனுக்குப் பக்கத்தில் ஓட்டும் பள்ளியின் வாத்தியார் உட்காருகிறார். அவர் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. பின் ஸீட்டில் பரீட்சாதிகாரி. மொத்தம் ஐம்பத்தைந்து நிமிஷம். நமது நண்பர் ஊரெல்லாம் அழகாகச் சுற்றி, குறுகலான சந்தில் வண்டியைத் திருப்பி, இரண்டு கார்களுக்கு நடுவில் பின்வாங்கி நிறுத்தி, எல்லாம் முடித்து இறங்கினார். அதிகாரி கை குலுக்கி, "தேறவில்லை" என்றார். காரணம்: ஓரிடத்தில் வலப்பக்கம் திரும்பும்போது கண்ணாடியை மட்டும் பார்த்தாரே ஒழிய, தலையைத் திருப்பித் தோளுக்குப் பின்னால் பார்க்கவில்லை. அங்கே சைக்கிள் பாதை ஒன்று இருந்தது. நேரே போகும் சைக்கிள்காரருக்குத் திரும்பும் கார் வழிவிட வேண்டும் என்பது சட்டம்.

"அந்தச் சமயம் சைக்கிள் ஒன்றும் வரவில்லையே!" என்றார் நண்பர்.

"வரவில்லை என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? நீங்கள்தான் பார்க்கவில்லையே!" என்றார் அதிகாரி.

இதற்கு மறுமொழி கிடையாது. நண்பர் இரண்டாந் தடவையில் தேறினார். அவருடைய மனைவியோ ஊரில் ஸ்கூட்டர் தவிர வேறொன்றும் ஓட்டியறியாதவர். ஜெர்மனியில்தான் ஆதியிலிருந்து கார் கற்றுக்கொண்டு, முதல் தடவையிலேயே தேறிவிட்டார். "அவளுக்கு மறக்கவேண்டியது ஒன்றும் இல்லை" என்று நண்பர் சமாதானம் சொல்லிக்கொண்டார். அந்தச் சமாதானத்தில் பாதி உண்மை இருக்கிறது. மற்றப் பாதியை அந்த அம்மாள் ஓட்டுவதைப் பார்த்த பிறகு தெரிந்துகொண்டேன்.

* * *

ஒரு சனிக்கிழமை காலையில் மூன்று பேருமாக மன்ஹைம் நகரத்திலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைம் நகரத்துக்குக் கிளம்பினோம். அந்தப் பாதையைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. மோட்டார் சரித்திரத்தில் முதல் நெடும்பிரயாணம் நடந்த பாதை அது. நடத்தியவர் ஒரு குடும்ப ஸ்திரீ.

கார்ல் பென்ஸ் என்பவர் மன்ஹைமில் ஒரு பட்டறை வைத்திருந்தார். பெட்ரோல் இயந்திரத்தால் ஓடும் மூன்று சக்கர வண்டிக்கு 1886-ம் வருஷம் ஜனவரி 29-ந் தேதி அவர் பேடெண்டுக்கு விண்ணப்பம் செய்தார். வண்டி என்னவோ ஓடிற்று. வாங்குவதற்குத்தான் ஆள் இல்லை. அது பட்டறை வாசலைத் தாண்டி எவ்வளவு தூரம் போகும் என்று யாருக்குத் தெரியும்? 1888-ம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில் ஒரு நாள் அதிகாலையில், அவருடைய மனைவி பெர்த்தா பென்ஸ், புருஷனிடம் சொல்லாமல், பதினைந்தும் பதின்மூன்றும் வயதான இரண்டு பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு, நூறு கிலோமீட்டருக்கு மேலுள்ள தம் பிறந்தகத்துக்குப் புறப்பட்டுவிட்டார். வழியில் எண்ணெய்க் குழாய் அடைத்துக்கொண்டது. தொப்பியில் செருகும் ஊசியால் குத்திச் சரிப்படுத்தினார். மின்சாரக் கம்பி உராய்ந்தது. காலுறையைக் கட்டும் நாடாவைச் சுற்றினார். மேட்டில் வண்டி ஏறவில்லை; பிள்ளைகள் இறங்கித் தள்ளினார்கள். மரக்கட்டை பிரேக் தேய்ந்துபோயிற்று. கிராமத்துச் செருப்புத் தைக்கும் தொழிலாளி ஒருவரைக் கொண்டு அதன் மேல் தோல் அடிக்கச் செய்தார். இந்த மாதர் திலகம் 95 வயது வரை வாழ்ந்து, 1944-ல் காலமானார்.

மன்ஹைம் நகரத்தின் நடுப்பகுதி ஒரு சதுரங்கப் பலகை. அங்கே தெருக்களுக்குப் பெயர் இல்லை. வீட்டுக் கட்டங்களுக்குத்தான் எழுத்தும் எண்ணும். "ஸி 4," "க்யூ 6" என்றுதான் விலாசம். பென்ஸின் பட்டறை "டி 6"-ல் இருந்தது. சதுரங்கம் தெரிந்தவர்களுக்கு இதில் வழி தப்பாது. நமக்கோ காரில் இருக்கும் வழிகாட்டிக் கருவியின் குரல்தான் துணை.

புதிதாக வந்தவருக்கு முதலில் தடுமாற்றம் கொடுப்பது வலப்பக்கம் ஓட்டும் வழக்கம் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். நெரிசலான சாலையில் அது ஒரு பிரமாதமே அல்ல. முன்னால் போகிறவன் பின்னே போனால் சரியாகிவிடும். ஆபத்து இருப்பது ஆளில்லாத இடத்தில்தான். விடியற்காலையில் பெட்ரோல் பங்கிலிருந்து வெளியே வரும்போது சாலை காலியாகக் கிடக்கும். பின்பற்ற ஆள் இல்லை. அந்தச் சமயத்தில்தான் கை தானாக வண்டியை இடப்பக்கம் கொண்டுபோய்ச் சேர்க்கும். திரும்புவதற்கு அடையாளம் காட்டும் விசையும் ஸ்டியரிங்கின் மறுபுறத்தில் இருப்பதால், நம் ஊர்க் காரில் பழகினவர் திருப்பம் வந்ததும் மழைத் துடைப்பானை ஆடவிடுகிறார். வெயில் காயும்போது துடைப்பான் ஆடினால், "இதோ இந்தியாவிலிருந்து ஒருவர் வந்திருக்கிறார்" என்று பறையடித்தாற்போல் ஆகிறது. இந்தக் கோளாறெல்லாம் இரண்டு வாரத்தில் போய்விடும். ஸ்வீடன் தேசம் முழுவதும் 1967-ம் வருஷம் செப்டம்பர் 3-ந் தேதி விடியற்காலை ஐந்து மணிக்கு இடத்திலிருந்து வலத்துக்கு மாறி, மறுநாள் வழக்கம்போல் வேலைக்குப் போயிற்று. கை பழகிவிடும், மனசு பழகுவதுதான் கஷ்டம்.

மனசு பழகவேண்டிய விஷயம் இன்னதென்பது, பெரிய சாலையை விட்டு ஒரு குடியிருப்புப் பகுதிக்குள் நுழைந்ததும் விளங்கிற்று. அங்கே முப்பது கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகக்கூடாது. புக்ஸ்டெஹூட என்ற சிறு ஊரில் 1983-ல் பரீட்சார்த்தமாக ஆரம்பித்து, தேசமெங்கும் பரவிய ஏற்பாடு இது. சந்திப்புகளில் விளக்கும் இல்லை, பலகையும் இல்லை, போலீஸ்காரரும் இல்லை. யார் முதலில் போவது? வலப்பக்கத் தெருவிலிருந்து வருகிறவர். அவ்வளவுதான். "ரெஹ்ட்ஸ் ஃபோர் லிங்க்ஸ்," அதாவது "இடத்துக்கு முன் வலம்" என்று இதைச் சொல்கிறார்கள்.

நமது கோவில்களில் முதல் மரியாதை யாருக்கு என்பதற்காகத் தலைமுறை தலைமுறையாக வழக்காடிய குடும்பங்கள் உண்டு. நமது சாலைகளிலும் அந்த வழக்கம் தொடர்கிறது. லாரிக்குக் கார் ஒதுங்கும்; காருக்கு ஸ்கூட்டர் ஒதுங்கும்; ஸ்கூட்டருக்குச் சைக்கிள்; சைக்கிளுக்கு நடக்கிறவன். 2017 வரையில் சிவப்பு விளக்குச் சுழலும் வண்டி வந்துவிட்டாலோ எல்லாரும் ஒதுங்கவேண்டியிருந்தது. யார் பெரியவன் என்று பார்த்து வழிவிடுவதற்கு நம் கண் பழகியிருக்கிறது. ஜெர்மானியத் தெருச் சந்திப்பில் அந்தக் கணக்கே செல்லாது. வலப்பக்கத்துச் சந்திலிருந்து ஒரு பள்ளிக்கூடத்துப் பையன் சைக்கிளில் வருகிறான். இடப்பக்கத்திலிருந்து பத்துச் சக்கர லாரி வருகிறது. லாரி நிற்கிறது, பையன் போகிறான். அவன் நன்றி சொல்லவுமில்லை, லாரிக்காரர் தயவு பண்ணினதாக நினைக்கவுமில்லை. யாரும் யாருக்கும் தயவு பண்ணவேண்டிய அவசியம் ஏற்படவில்லை என்பதுதான் அதிலுள்ள விசேஷம்.

"ஆரம்பத்தில் எனக்கு இதுதான் பிடிபடவில்லை" என்றார் நண்பர். "வலப்பக்கத்திலிருந்து பழைய ஓட்டை வண்டி ஒன்று வரும். அவன் நின்றுவிடுவான் என்று என் கால் எதிர்பார்க்கும். அவனோ என்னை ஏறெடுத்தும் பார்க்காமல் வருவான். நான் நிற்பேன் என்று அவனுக்கு அவ்வளவு நிச்சயம்!"

நாலு பக்கத்திலிருந்தும் ஏககாலத்தில் நாலு கார் வந்தால் என்ன ஆகும் என்று வாசகர்கள் கேட்கலாம். ஒவ்வொருவருக்கும் வலப்பக்கத்தில் ஒருவர் இருப்பார். நாலு பேரும் நிற்கவேண்டியதுதான். சட்டம் செய்தவர்கள் இதை யோசிக்காமல் இல்லை. நிலைமைக்கு அவசியமானால் முன்னுரிமை உள்ளவரும் அதை விட்டுக்கொடுக்க வேண்டும். அப்படி ஒருவர் விட்டுக்கொடுத்துவிட்டதாக மற்றவர் நம்பவேண்டுமானால், இருவரும் ஒருவருக்கொருவர் தெளிவாகச் சைகையால் பேசிக்கொண்டிருக்க வேண்டும் என்று சாலைச் சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. விதி முடிந்துபோகும் இடத்தில் மனுஷன் முகத்தை மனுஷன் பார்க்கவேண்டும் என்று விதியே சொல்கிறது! இந்த வித்தையில் நம்மவர்கள் பண்டிதர்கள். ஒரு கையசைப்பிலும் ஒரு தலையாட்டலிலும் நாலு வண்டிகளின் வழக்கைத் தீர்த்துவிடுவோம். அங்கே அந்த வித்தை எப்போதாவதுதான் தேவைப்படுகிறது. நமக்கோ அது ஒன்றுதான் மூலதனம்.

ஹாரன் சத்தத்தைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். மன்ஹைமிலிருந்து ஹைடல்பர்க் வரையில் ஒரு ஹாரன் ஒலி கேட்கவில்லை. தனக்கோ பிறருக்கோ அபாயம் என்றால் ஹாரன் அடிக்கலாம். ஊருக்கு வெளியே முந்திச் செல்வதை அறிவிக்கவும் அடிக்கலாம். மற்றபடி அடிப்பது குற்றம். நம் லாரிகளின் முதுகில் "ஹாரன் அடியுங்கள்" என்று உபசாரமாக எழுதியிருப்பதை நண்பர் ஒரு ஜெர்மானியருக்கு விளக்கப் பார்த்தாராம். அவர் கடைசி வரையில் நம்பவில்லை.

* * *

ஹைடல்பர்க்கின் சிதைந்த கோட்டையைத் தூரத்திலிருந்தே கும்பிட்டுவிட்டு வீஸ்லாஹ் சேர்ந்தோம். அந்த ஊர் மருந்துக் கடையில்தான் பெர்த்தா பென்ஸ் வண்டிக்கு எண்ணெய் வாங்கினார். துணியில் கறை எடுக்க விற்ற லிக்ரோயின் என்னும் எண்ணெய் அது. உலகத்தின் முதல் பெட்ரோல் பங்க் என்று அந்த மருந்துக் கடையை இன்றும் கொண்டாடுகிறார்கள். கடை வாசலில் சிறிது நேரம் நின்றோம். அங்கே அந்த அம்மாள் ஸ்டியரிங்கை எடுத்துக்கொண்டார்.

அருகிலேயே ஐந்தாம் நம்பர் "ஆட்டோபான்" ஓடுகிறது. ஆட்டோபான் என்றவுடன் நம்மவரில் பலர், "ஹிட்லர் போட்ட ரோடு அல்லவா?" என்பார்கள். ஒரு கொடுங்கோலனுக்குச் சேராத பெருமையை நாம் எதற்காகத் தானம் செய்யவேண்டும்? ஹாம்பர்க்கிலிருந்து ஃபிராங்க்ஃபர்ட் வழியாக ஸ்விட்ஜர்லாந்து எல்லை வரை இப்படி ஒரு சாலை போடவேண்டும் என்று 1926-லேயே ஒரு சங்கம் ஸ்தாபித்துத் திட்டம் தயாரித்துவிட்டார்கள். 1932-ல் கொலோன் நகரத்துக்கும் பான் நகரத்துக்கும் நடுவில் முதல் துண்டு திறக்கப்பட்டது. திறந்துவைத்தவர் அப்போது கொலோன் மேயராக இருந்த கோன்ராட் அடெனவர். ஹிட்லர் பதவிக்கு வந்தது 1933-ல். பிறர் போட்ட திட்டத்தை எடுத்துத் தன் பெயரை ஒட்டிக்கொண்டு, 1935-ல் ஃபிராங்க்ஃபர்ட் - டார்ம்ஸ்டாட் பகுதியை மேளதாளத்தோடு திறந்தான். பிற்பாடு அந்தச் சாலைகளில் அடிமைகள் போல் வேலை வாங்கப்பட்ட யூதர்களைப் பற்றி அந்த மேளம் ஒன்றும் சொல்லவில்லை.

இன்று இந்தச் சாலைகளின் மொத்த நீளம் பதின்மூவாயிரம் கிலோமீட்டருக்கு மேல். பெரும்பகுதியில் வேகத்துக்கு உச்ச வரம்பு கிடையாது. 130 கிலோமீட்டருக்கு மேல் போகாமலிருப்பது நலம் என்று சிபார்சு மட்டும் உண்டு. ஐரோப்பிய யூனியனில் வேறு எந்தத் தேசத்திலும் இந்த வழக்கம் இல்லை. 1973-ல் எண்ணெய்த் தட்டுப்பாடு வந்தபோது சில மாதம் நூறு கிலோமீட்டர் வரம்பு வைத்தார்கள். நாலு ஞாயிற்றுக்கிழமை கார்களையே நிறுத்திவைத்தார்கள். ஜனங்கள் ஆட்டோபானில் நடந்தும் சைக்கிளிலும் போனார்கள். மறு வருஷமே, "சுதந்திரப் பிரஜைகளுக்குச் சுதந்திரப் பாதை" என்று மோட்டார் சங்கத்தார் கோஷம் எழுப்ப, வரம்பு பறந்துபோயிற்று. தெருமுனையில் பையனுக்காக லாரியை நிறுத்தும் அதே ஜனங்கள், இந்த ஒரு விஷயத்தில் பிடிவாதக் குழந்தையாகிவிடுகிறார்கள். இதில் அவர்களைப் பின்பற்ற வேண்டுமென்று நான் சொல்லமாட்டேன். விபத்து நேர்ந்தால் 130-க்கு மேல் போனவர் மீதும் கோர்ட்டுகள் ஒரு பங்குப் பொறுப்பைச் சுமத்துவது உண்டு என்பது மட்டும் ஓர் ஆறுதல்.

புதிதாக வருகிறவருக்கு ஆட்டோபானில் முன்னால் பார்ப்பதைவிடப் பின்னால் பார்ப்பதே பெரிய வேலை. லாரி ஒன்றை முந்துவதற்காக இடப்பக்கத்து வரிசைக்குப் போக நினைத்துக் கண்ணாடியைப் பார்க்கிறோம். தூரத்தில் ஒரு புள்ளி. மறுபடி பார்ப்பதற்குள் புள்ளி கார் ஆகி, காருக்கு விளக்கு முளைத்து, பக்கத்தில் வந்து, "ஹூம்" என்று காற்றை அறைந்துகொண்டு போய்விடுகிறது. இடப்பக்கத்து வரிசை முந்துவதற்கு மாத்திரம். முந்தினவுடன் வலப்பக்கம் திரும்பிவிட வேண்டும். வலப்பக்கமாக முந்துவது பொதுவாகக் குற்றம். வழியில் காரணமின்றி நிற்பதும் குற்றம். பெட்ரோல் தீர்ந்து நின்றாலும் அபராதம் விதிப்பார்கள், பெட்ரோல் தீர்வது முன்கூட்டியே தெரியக்கூடிய சங்கதி அல்லவா! அபராதத்தோடு பெரிய குற்றங்களுக்குப் "புள்ளி" வேறு. டென்மார்க் எல்லைக்குச் சமீபமான ஃப்ளென்ஸ்பர்க் என்ற ஊரில் ஒரு காரியாலயம், தேசத்திலுள்ள ஓட்டுநர்களின் பாவக் கணக்கை எழுதிக்கொண்டிருக்கிறது. எட்டுப் புள்ளி சேர்ந்தால் லைசென்ஸ் பறிபோகும். நம் சித்திரகுப்தனாவது ஆயுள் முடியும்வரை காத்திருப்பான்.

புரூக்ஸால் என்ற ஊரைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போயிருப்போம். முன்னால் வண்டிகளின் சிவப்பு விளக்குகள் ஒவ்வொன்றாக எரிய ஆரம்பித்தன. வேகம் நூற்றிருபதிலிருந்து எண்பது, நாற்பது, நடக்கிற வேகம் என்று இறங்கிற்று. அப்போது ஒரு காட்சியைக் கண்டேன். இன்னும் யாரும் நிற்கவில்லை. பின்னால் சங்கொலி ஒன்றும் கேட்கவில்லை. போலீஸார் எவரும் இல்லை. இடப்பக்கத்துக் கடைசி வரிசையிலிருந்த வண்டிகள் எல்லாம் இன்னும் இடப்பக்கமாக ஒதுங்கின. மற்ற வரிசைகளிலிருந்தவை எல்லாம் வலப்பக்கமாக ஒதுங்கின. நாற்பது டன் லாரிகளும் ஒதுங்கின. எங்கள் வண்டியையும் அந்த அம்மாள், பேச்சை நிறுத்தாமலே, வலப்பக்கமாக ஓரங்கட்டினார். எதிரே கண்ணுக்கெட்டிய தூரம் வரை சாலையின் நடுவே ஒரு சந்து உண்டாகிவிட்டது.

"யார் வருகிறார்கள்?" என்று கேட்டேன்.

"தெரியாது. வந்தால் போகட்டும் என்றுதான்" என்றார் அந்த அம்மாள்.

நாலைந்து நிமிஷத்துக்கெல்லாம் பின்னால் நீல விளக்குத் தெரிந்தது. முதலில் போலீஸ் கார், அதற்குப் பின் ஆம்புலன்ஸ், பிறகு தீயணைப்பு வண்டி. காலியான சாலையில் போவதுபோல் அவை நேரே போய் மறைந்தன. அவை போன பின்பும் சந்து மூடிக்கொள்ளவில்லை. இன்னொரு ஆம்புலன்ஸ் வரலாம் அல்லவா?

இதற்கு "ரெட்டுங்ஸ்காஸே," அதாவது "உயிர் மீட்கும் சந்து" என்று பெயர். போக்குவரத்து நடையளவுக்குத் தளர்ந்த மாத்திரத்திலேயே இந்தச் சந்தை உண்டாக்க வேண்டும். சங்கொலி கேட்டபின் உண்டாக்குவது காலங்கடந்த காரியம். செய்யத் தவறினால் குறைந்தது 200 யூரோ அபராதம், இரண்டு புள்ளி, ஒரு மாதம் வண்டி ஓட்டத் தடை. நமது மோட்டார் வாகனச் சட்டத்திலும் 2019-ல் ஒரு பிரிவு சேர்த்தார்கள். ஆம்புலன்ஸுக்கு வழிவிடாதவனுக்குப் பதினாயிரம் ரூபாய் அபராதம். ஆகவே சட்டத்தில் நாம் குறைந்தவர்கள் அல்ல. சென்னை மௌண்ட் ரோடில் ஆம்புலன்ஸ் கதறிக்கொண்டு நிற்பதையும், சிலர் வழிவிட முண்டுவதையும், வழி உண்டானதும் அதன் வாலைப் பிடித்துக்கொண்டு பத்து மோட்டார் சைக்கிள் பறப்பதையும் பார்த்த கண்ணுக்கு, அந்த மௌனமான சந்து தொண்டையை அடைத்தது.

"இதெல்லாம் அவர்கள் இரத்தத்தில் ஊறினது, நமக்கு வராது" என்று நம்மில் சிலர் பெருமூச்சு விடுவது வழக்கம். இந்தப் பெருமூச்சை நான் ஒப்புக்கொள்ளவில்லை. 1970-ம் வருஷம் மேற்கு, கிழக்கு ஜெர்மனி இரண்டிலுமாகச் சாலை விபத்தில் மாண்டவர்கள் இருபத்தோராயிரத்துக்கு மேல். இன்று இருப்பதைவிட அன்று வண்டிகள் மிகவும் குறைவு. அன்றைக்கும் அதே இரத்தந்தானே ஓடிற்று? பிறகுதான் மேற்கு ஜெர்மனியில் 1972-ல் ஊர்ப்புறச் சாலைகளுக்கு நூறு கிலோமீட்டர் வரம்பு வந்தது. 1973-ல் மது அருந்தி ஓட்டுவதற்கான வரம்பைக் கடுமையாக்கினார்கள். 1976-ல் முன் ஸீட்டில் இருப்பவர் இடுப்பு வார் கட்டியே ஆகவேண்டும் என்று சட்டம் வந்தது. மீறினால் அபராதம் என்று மட்டும் எழுதவில்லை. ஒழுங்குக்குப் பேர்போன அந்த ஜனங்களில் அநேகர் கட்டிக்கொள்ளவில்லை. மார்பைக் கட்டிப்போடுகிறார்களே என்று பத்திரிகைகளில் வாதப் பிரதிவாதம் வேறு. 1984-ல் நாற்பது மார்க் அபராதம் என்றார்கள், மளமளவென்று கட்டிக்கொண்டார்கள்! இப்படி ஒவ்வொன்றாக, வைத்தியமும் வண்டியின் அமைப்பும் கூடவே முன்னேற, 2022-ல் ஒன்றுபட்ட ஜெர்மனி முழுவதிலும் சாலையில் மாண்டவர் 2,788 பேர்.

அதே 2022-ல் நமது தேசத்தில் மாண்டவர் 1,68,491 பேர். ஜனத்தொகையில் நாம் அவர்களைப்போல் சுமார் பதினேழு மடங்கு. சாவில் அறுபது மடங்கு. ஒவ்வொரு நாளும் நானூற்றறுபது வீடுகளில் அழுகுரல். இதிலே கார் வைத்திருந்தவர்கள் சிலர்தான். நடந்து போனவர்களும் இரண்டு சக்கர வண்டியில் போனவர்களுமே பெரும்பாலோர். சின்னவன் ஒதுங்கவேண்டும் என்ற நம் சாலைச் சம்பிரதாயத்தில், ஒதுங்க நேரமில்லாத சின்னவன் சாகிறான். நமது லைசென்ஸை அவர்கள் நம்பவில்லையே என்று வருத்தப்பட்டோம். லைசென்ஸ் கொடுக்கும்போது நாம் எதைப் பரீட்சித்தோம்? இரண்டு சக்கர வண்டியானால் எட்டுப் போடத் தெரிகிறதா என்று பார்த்தோம். தோளுக்குப் பின்னால் பார்த்தானா என்று பார்த்தோமா? பதினான்கு வருஷம் கீறல் படாமல் ஓட்டிய நண்பர் இதைக் கேட்டு வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "வாத்தியாருக்கு நான் கொடுத்த தட்சிணை வீண் போகவில்லை என்கிறீர்கள்" என்றார்.

* * *

தடை நீங்கி வண்டிகள் நகர்ந்தன. ஓரிடத்தில் இரண்டு வரிசை ஒன்றாகக் குறுகிற்று. பல்லுப் பட்டை இழுத்து மூடுவதுபோல், இங்கிருந்து ஒன்று, அங்கிருந்து ஒன்று என்று வண்டிகள் மாறி மாறி உள்ளே சென்றன. அதற்கும் சட்டம் உண்டு, விவரம் போதும்.

கார்ல்ஸ்ரூஹ நகரத்துக்கு அருகில் ஆட்டோபானை விட்டுப் பழைய சாலையைப் பிடித்தோம். பெர்த்தா பென்ஸ் போன பாதைக்கு 2008-ல் நினைவுப் பாதை என்று பெயரிட்டு, அங்கங்கே சிறு பலகைகள் நட்டிருக்கிறார்கள். மேடும் பள்ளமுமான நாட்டுப்புறம். கோதுமை வயல், ஆப்பிள் தோட்டம், ஒரு மாதாகோவில், நாலு வீடு, மறுபடியும் வயல். ஒரு மேட்டில் வண்டியின் வேகத்தைக் குறைத்து, "இங்கேதான் பிள்ளைகள் தள்ளியிருப்பார்கள்" என்றார் அந்த அம்மாள். அவருடைய பிள்ளைகள் ஊரில் பாட்டி வீட்டில் இருந்தார்கள்.

ஃபோர்ட்ஸ்ஹைம் பொன் நகை வேலைக்குப் பெயர்பெற்ற நகரம். 1945-ம் வருஷம் பிப்ரவரி 23-ந் தேதி ஆங்கிலேய விமானங்கள் குண்டு வீசியதில் சுமார் இருபது நிமிஷத்தில் நகரம் எரிந்து, பதினேழாயிரம் பேருக்கு மேல் மாண்டார்கள். பெர்த்தா பென்ஸ் பிறந்த அந்தப் பழைய ஊரில் இன்று பார்ப்பதற்கு அதிகம் மிச்சமில்லை. அன்று பொழுது சாயும் வேளைக்கு இங்கே வந்து சேர்ந்த அவர், புருஷனுக்குச் சௌக்கியமாக வந்து சேர்ந்ததாகத் தந்தி அடித்தார். சில நாள் கழித்து அதே வண்டியில் திரும்பிப் போனார். போனதும், மேடு ஏறுவதற்கு இன்னொரு கியர் வேண்டும் என்று சொன்னார். கார்ல் பென்ஸ் வாதம் செய்யாமல் வைத்துக்கொடுத்தார்.

நண்பரின் மனைவி கடைத்தெருவுக்குப் பக்கத்தில் ஓர் இடம் பார்த்து வண்டியை நிறுத்தினார். அங்கே இரண்டு மணி நேரம் காசில்லாமல் நிறுத்தலாம். ஆனால் வந்த நேரத்தைக் காட்டும் நீல அட்டைக் கடிகாரம் ஒன்றை முன் கண்ணாடிக்கு உட்புறம் வைக்கவேண்டும். நாங்கள் வந்து நின்றபோது மணி பன்னிரண்டு அடித்து ஐந்து நிமிஷம். அம்மாள் முள்ளைப் பன்னிரண்டரைக்குத் திருப்பினார்.

"இது பொய்க் கணக்கல்லவா?" என்றேன்.

"இல்லை. வந்த நேரத்துக்கு அடுத்த அரை மணிக் கோட்டில்தான் முள்ளை வைக்கவேண்டும் என்பது சட்டம். இருபத்தைந்து நிமிஷம் சர்க்கார் நமக்குத் தருகிற இனாம்" என்றார்.

நண்பர் காப்பிக் கடையைத் தேடிக்கொண்டு முன்னால் நடந்தார்.